துரைக்கும் அம்மணிக்கும் படுக்க ஒரு இடம்

எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு கிளி தூங்க ஒரு நல்ல இடம் பார்த்துக் கொடுக்கணும்.

அவ்வளவுதான். மலையைப் புரட்டச் சொல்லல.

எண்பதுகள்ல நடந்த கதை இது. ஏற்காடு ஒண்டிக்கடை முக்குல எனக்கு ஒரு சின்னக் கடை. ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா விப்பேன். சேலத்துல வேர்த்து ஒழுகிக்கிட்டே பஸ் ஏறி, மேல வந்து இறங்கினதும் பல்லு தந்தியடிக்கிற டூரிஸ்ட்டுங்கதான் எனக்குப் படியளந்தவங்க. பல்லு கிடுகிடுக்கிறவன் பேரம் பேச மாட்டான் பாருங்க.

கிளிங்க என் மாமியாரோடது. சேலம் அம்மாபேட்டையில தனியா இருந்தாங்க. மாமனார் தவறின பிறகு அந்த வீட்டுல அவங்களுக்குப் பேச்சுத்துணை இந்த ரெண்டும்தான். ஆண்கிளி துரை, பெண்கிளி அம்மணி. காலையில காபி குடிக்கிறதுல ஆரம்பிச்சு விளக்கு அணைக்கிற வரைக்கும் அதுங்ககிட்டதான் நாட்டு நடப்பெல்லாம் பேசுவாங்க. அதுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த வீடு எவ்வளவு வெறிச்சோடிப் போகும்னு எனக்கு நல்லாத் தெரியும். அதுக்கப்புறம் என் நிலைமை என்ன ஆகும்னும் தெரியும்.

சின்ன மக பிரசவத்துக்கு ஈரோடு போகணும்னு, கூண்டைத் தூக்கிக்கிட்டு அவங்களே பஸ் ஏறி மேல வந்துட்டாங்க.

"ஏனுங்க மாப்ள, தீனியெல்லாம் மல்லிகா பாத்துக்குவா. நீங்க படுக்க இடம் மட்டும் பாத்துக் குடுங்க. காத்து அடிக்கக் கூடாது. பூனை எட்டக் கூடாது. மூஞ்சியில வெளிச்சம் படக் கூடாது."

"இதெல்லாம் ஒரு வேலைங்களா அத்தை? கம்பளிக்கடைக்காரன்கிட்ட வந்து கதகதப்பு கேக்குறீங்களே!"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. குல்லா விக்கிற மாப்பிள்ளை மேல அவங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே பெரிய அபிப்பிராயம் கிடையாது. "நம்மூரு வெய்யில்ல எவனுங்க குல்லா போடுவான், இதெல்லாம் ஒரு பொழப்பா"ன்னு நிச்சயதார்த்தத்தன்னிக்கே கேட்டவங்க.

"கூண்டுக் கதவைச் சாத்தாதீங்க, ரெண்டும் கோவிச்சுக்கும். றெக்கைய வெட்டியிருக்குது, பறக்காது. நொம்ப தூரம் போகாது. எங்க புடிக்குதோ அங்க உக்காந்துக்கும்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க.

முதல்ல சமையல்கட்டுல, அடுப்புக்குப் பக்கத்துல கூண்டை வெச்சேன். ஏற்காட்டுல அதைவிடச் சூடான இடம் ஏது? என் வீட்டுக்காரி மல்லிகா ரசத்துக்குத் தாளிச்சா. கடுகு வெடிச்சுது. துரை தும்மினான். அம்மணி தும்மினா. மறுபடி துரை. கிளி தும்மி நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்.

"ஏனுங்க, ஒண்ணு கிளி இங்க இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும்"னா மல்லிகா.

யோசிச்சுப் பார்த்துட்டு, கிளிகளை மாத்தினேன்.

அடுத்து ஜன்னல் ஓரம். வெளியில மலை, காபித் தோட்டம், நல்ல காட்சி. டூரிஸ்ட்டுங்க அந்தக் காட்சிக்காகவே லாட்ஜுல கூடுதல் வாடகை கொடுப்பாங்க. காலையில எந்திரிச்சுப் பார்த்தா ரெண்டு கிளியையும் காணோம், ரெண்டு பச்சைப் பந்துதான் உக்காந்திருக்கு! றெக்கையெல்லாம் சிலுப்பிக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நடுங்குதுங்க. பார்த்ததும் எனக்கே மனசு கஷ்டமாப் போச்சு. அதுங்க சேலத்துக் கிளிங்க. குளிர்னா என்னன்னே தெரியாத ஜாதி.

அப்புறம் வால்வு ரேடியோ மேல வெச்சேன். அந்தக் காலத்து ரேடியோ, பாட ஆரம்பிச்சா மேல அப்பளம் காயப் போடலாம், அவ்வளவு சூடு. கிளிங்க சொக்கிப் போச்சுங்க. ஆனா ரேடியோவை நிறுத்தினா சூடு போயிரும், சூடு போனா கத்தும். மாநிலச் செய்தி கேட்டோம். நெல்லுல வர்ற பூச்சிக்கு மருந்து கேட்டோம். என்ன பாஷைன்னே தெரியாத சங்கீதமும் கேட்டோம். கிளி தூங்கணும்னா நாங்க முழிச்சிருக்கணும்னு ஆயிப்போச்சு.

அப்பத்தான் புத்தி வேலை செஞ்சுது. கடை முழுக்கக் கம்பளி வெச்சுக்கிட்டு நான் ஏன் ஊர்ல இருக்கிற அடுப்பையெல்லாம் தேடிக்கிட்டு இருக்கேன்?

கூண்டைக் கடைக்குக் கொண்டு போனேன். மேல் அலமாரியில, ஸ்வெட்டர் அடுக்குக்கு நடுவுல வெச்சு, மேல ஒரு சால்வையைப் போர்த்தினேன். காத்து இல்ல, பூனை இல்ல, வெளிச்சம் இல்ல. துரை ஒரு ஸ்வெட்டர் கையில நூலை உருவினான், அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்கிச்சுங்க.

"பாத்தியா புள்ள? தொழில் தெரிஞ்சவன் செஞ்சா இப்படித்தான்"னு மல்லிகாகிட்ட மார் தட்டினேன்.

மார் தட்டினதுக்கு மறுநாள்தான் இது நடந்துச்சு.

அதுக்கு அடுத்த நாள் காலையில அத்தை வந்து கிளிகளை வாங்கிக்கிற மாதிரி ஏற்பாடு. கார்த்திகை மாசம். மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே மேகம் இறங்கிருச்சு. எங்க ஊர்ல மேகம் இறங்கினா எதிர்க்கடை தெரியாது. அன்னிக்கு கரண்ட்டும் போயிருச்சு. பட்டப்பகல்ல கடை கும்மிருட்டு.

அந்த இருட்டுல ஒரு வேன் வந்து நின்னுச்சு. கருப்பு வேட்டி, கழுத்துல துளசி மாலை, ஐயப்ப பக்தருங்க ஒரு கூட்டமே இறங்கிச்சு. சேர்வராயன் கோயிலுக்கு வந்துட்டுச் சேலம் திரும்புறாங்களாம். மாலை போட்டவங்க எல்லாரையும் சாமின்னுதான் கூப்பிடுவாங்க. பொய் பேச மாட்டாங்க. கோபப்பட மாட்டாங்க. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க.

வெள்ளைத் தாடி வெச்ச குருசாமி முன்னால வந்தார். "சாமி சரணம். அடுத்த வாரம் சபரிமலைக்குப் போறோமுங்க. அங்க குளிரு தாங்காது. எல்லாருக்கும் ஒரே மாதிரி குல்லா வேணுமுங்க சாமி."

மொத்த வியாபாரம்! அந்த சீசன்லயே முதல் தடவை! என் கையும் ஓடல காலும் ஓடல. மேல் அலமாரியில, கூண்டை ஒட்டினாப்பல, புதுக் குல்லாப் பெட்டி ஒண்ணு இருந்துச்சு. பிரிக்காத அட்டைப்பெட்டி. அப்படியே இறக்கினேன்.

"இதை எடுத்துக்குங்க சாமி. ஊருக்குப் போய்ப் பிரிச்சுக்குங்க. கலையாம இருக்கும்."

முதல் வருஷம் மாலை போட்டிருந்த ஒரு கன்னிசாமி, நல்ல ஆகிருதியான ஆளு, பெட்டியை வாங்கினார்.

"பெட்டி கனமா இருக்குதே சாமி?"

"அசல் கம்பளிங்க. கனமாத்தான் இருக்கும்."

"ஒரு மூலை கதகதன்னு வேற இருக்குதே?"

"அதானுங்க நம்ம சரக்கு! பெட்டியில இருக்கும்போதே சூடு குடுக்க ஆரம்பிச்சிரும்."

"உள்ள என்னமோ அசையற மாதிரி..."

"புதுக் கம்பளிங்க சாமி. இன்னும் படியல."

சொல்லிட்டு நானே சணல் கயிறு போட்டு, குறுக்கும் நெடுக்குமா இறுக்கிக் கட்டி, வேன் வரைக்கும் கூடப் போய், ஏத்தியும் விட்டேன். வேன் மேகத்துக்குள்ள போய் மறைஞ்சுது.

கொஞ்ச நேரத்துல மல்லிகா கொய்யாப்பழத்தை நறுக்கி எடுத்துக்கிட்டு வந்தா. சால்வையை விலக்கினா.

"ஏனுங்க, கிளி எங்கீங்க?"

"உள்ளதான் தூங்குது."

"உள்ள ஒரு பச்சை மொளகாதானுங்க தூங்குது."

எட்டிப் பார்த்தேன். கூண்டு காலி. கூண்டுக்குப் பக்கத்துல, பெட்டி இருந்த இடத்துல, கொறிச்ச அட்டைத் துணுக்கு குவியலாக் கிடந்துச்சு. அது மேல ஒரு பச்சை இறகு.

அப்பத்தான் விளங்கிச்சு. அட்டைப்பெட்டியில கைவிட்டுத் தூக்க ஒரு ஓட்டை இருக்குமில்ல? அந்த ஓட்டை கூண்டைப் பார்த்த பக்கம் இருந்திருக்கு. கிளிக்கு ஓட்டைன்னா மரப்பொந்துதான். கொறிச்சுப் பெருசாக்கிட்டு உள்ள போயிருக்குங்க. மேகம் இறங்கினதும் பொழுது சாஞ்சிருச்சுன்னு நெனச்சு, மத்தியானமே படுத்திருச்சுங்க!

கனமா இருக்குது. கதகதன்னு இருக்குது. உள்ள என்னமோ அசையுது. மூணு தடவை அந்த மனுஷன் கேட்டார். மூணு தடவையும் நான் பதில் சொன்னேன்!

"நாளைக்கு எங்கம்மா வந்து நிக்குமே, அதுக்கு என்னங்க சொல்றது?" மல்லிகா கண்ணு கலங்கிருச்சு.

ஓடினேன். மஞ்சக்குட்டைக்குப் போற ஷேர் ஜீப் கிளம்ப நின்னுச்சு. டிரைவர் வெள்ளையன் நமக்குத் தெரிஞ்சவன்.

"வெள்ளையா, சேலம் ரோட்டுல விடு வண்டிய!"

"இது மஞ்சக்குட்டை வண்டிங்க. ஆளெல்லாம் ஏறியாச்சுங்க."

"எங்க மாமியாரு கிளி ரெண்டும் வேன்ல போயிருச்சுப்பா!"

வெள்ளையன் திரும்பி, "எறங்கறவங்க எறங்கிக்குங்க"ன்னான். ஒருத்தரும் அசையல. சௌசௌ மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு பின்னால உக்காந்திருந்த ராசம்மா அக்காதான் எல்லாருக்குமாச் சேர்த்துத் தீர்ப்பு சொன்னாங்க.

"மாமியாரு கிளிங்கறாரு. இதைப் பாக்காம ஊட்டுக்குப் போயி நான் என்ன பண்ணப் போறேன்? உடு வெள்ளையா!"

துரத்தல்னா நீங்க வேகமா நெனச்சுக்காதீங்க. கண்ணுக்கு முன்னால கை தெரியல. வெள்ளையன் தலையை வெளியில நீட்டி ரோட்டைத் தேடித் தேடி ஓட்டுறான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் ஹாரன் அடிச்சு, நின்னு, கேட்டு, அப்புறம்தான் திரும்பணும். ஒரு வளைவுல எங்களை ஒரு பசுமாடு முந்திட்டுப் போச்சு.

"ஏனுங்க, கிளிக்கு மூச்சு முட்டாதுங்களா?"ன்னாங்க ராசம்மா அக்கா.

"ஓட்டை இருக்குதுங்க."

"பெட்டி மேல யாராச்சும் உக்காந்திருந்தா?"

கன்னிசாமியோட ஆகிருதி ஞாபகம் வந்துச்சு. சேர்வராயனை வேண்டிக்கிட்டே வந்தேன்.

பாதி மலை இறங்கினதும், வளைவு ஓரத்து டீக்கடையில வேன் நின்னுச்சு. பக்தருங்க எல்லாரும் வட்டமா நிக்கிறாங்க. நடுவுல என் பெட்டி. கன்னிசாமி விரல்ல துணி சுத்தியிருக்கு.

என்னைப் பார்த்ததும் கன்னிசாமி வேகமா வந்தார். முகம் சிவந்திருக்கு. வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"சாமி... உங்களை... நான் மட்டும் மாலை போடாம இருந்தன்னா... சாமி சரணம்!"

"சரணமுங்க"ன்னேன்.

குருசாமி நிதானமா விளக்கினார். "வண்டியில நாங்க 'சாமியே'ன்னு கூப்புட்டோமுங்க. பெட்டி 'கீ'ன்னுச்சு. கன்னிசாமிதான் பயத்துல கத்துறாருன்னு நெனச்சோம். பயப்படாதீங்க சாமின்னு எல்லாரும் அவருக்கு நொம்ப நேரம் தைரியம் சொன்னோம். அப்புறம் அவரு ஓட்டைக்குள்ள கைய உட்டாரு."

தாடியைத் தடவிக்கிட்டே கேட்டார். "அசல் கம்பளின்னீங்களே சாமி. கம்பளி கடிக்குமுங்களா?"

ஜீப் மொத்தமும் சிரிச்சுது. வெள்ளையன் ஸ்டியரிங் மேல தலையை வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறான்.

பெட்டிக்கிட்ட மண்டி போட்டு ஓட்டை வழியாப் பார்த்தேன். உள்ள குல்லாவையெல்லாம் கிழிச்சு மெத்தையாப் போட்டுக்கிட்டு, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு உக்காந்திருக்கு. துரை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். ஏண்டா எழுப்புறன்னு கேட்கிற பார்வை. எனக்கு அழுகையே வந்துருச்சு. சந்தோஷத்துல கையை உள்ள விட்டேன்.

என் விரல்லயும் கட்டு போட வேண்டியதாப் போச்சு.

"காசைத் திருப்பிக் குடுத்துடறேனுங்க. பெட்டிய நான் எடுத்துக்கறேன்"னேன்.

"காசு கெடக்குதுங்க. எங்களுக்குக் குல்லா வேணுமே சாமி."

அதுக்குள்ள ராசம்மா அக்கா ஜீப்புல இருந்து இறங்கி வந்துட்டாங்க. "போனாப் போவுதுன்னு உடுங்க சாமி. போன வருசம் இவருகிட்ட ஒரு குல்லா வாங்குனேன். ஒரே மழையில சுருங்கிப் போச்சு. இப்ப அது எம்பட பேரன் தலைக்குத்தான் ஆவுது."

நான் அவசரமாக் குறுக்கே விழுந்தேன். "நாளைக்கே வேற பெட்டி குடுத்து அனுப்பறேனுங்க! எங்க அத்தை சேலத்துக்குத்தான் போறாங்க. அம்மாபேட்டை."

குருசாமி நிமிர்ந்து பார்த்தார். "நாங்களும் அம்மாபேட்டைதானுங்க. எந்த ஊடு?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அட! அப்ப உள்ள இருக்கறது நம்ம துரையும் அம்மணியுமா! தெனம் காலையில என்னைக் கண்டா கத்துமே!"

மலையில இத்தனை வேன் வருது. அதுல அத்தை தெருக்காரரைத் தேடிப் பிடிச்சு அத்தையோட கிளியையே வித்திருக்கேன். இதுக்கெல்லாம் தனித் திறமை வேணும்.

அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். "குருசாமி, இது அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க. கிளி உசுரோட இருக்குதுல்லங்களா."

"நானா வாயத் தொறக்க மாட்டேன் சாமி. ஆனா கேட்டா பொய் சொல்ல முடியாதுங்க. மாலை போட்டிருக்கேன்."

"அவங்க எதுக்குங்க கேக்கப் போறாங்க?"ன்னு தைரியமா ஜீப் ஏறினேன். பெட்டி என் மடியில. வழியெல்லாம் அது கதகதன்னுதான் இருந்துச்சு.

மறுநாள் காலையில அத்தை வந்தாங்க. பேத்தி பிறந்த சந்தோஷம் முகத்துல. முந்தின நாள் சாயந்திரமே சேலம் வந்து, வீட்டுல தங்கிட்டு, முதல் பஸ்ஸுல மேல ஏறி வந்திருக்காங்க.

கூண்டுல துரையும் அம்மணியும் பளபளன்னு உக்காந்திருந்துச்சுங்க. அத்தையைப் பார்த்ததும் துரை கத்தின கத்துல எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அத்தை ரெண்டையும் தோள்ல ஏத்திக்கிட்டு, கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. எனக்கும் நெஞ்சுல இருந்த பாரம் இறங்கிச்சு.

"நல்லா தூங்குச்சுங்களா மாப்ள?"

"அசந்து தூங்குச்சுங்க அத்தை."

"எங்க படுக்க வெச்சீங்க?"

"கம்பளிக்குள்ளதானுங்க. மேல் அலமாரியில. ஒரே இடம். அந்தாண்ட இந்தாண்ட அசையவே இல்லைங்க."

"அசையவே இல்லீங்களா?"

"துளிகூட இல்லீங்க."

மல்லிகா கூரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா.

"உங்க விரல்ல என்னங்க கட்டு?"

"சணல் அறுத்துருச்சுங்க."

அத்தை தலையை ஆட்டினாங்க. "நான்கூட உங்களை என்னமோன்னு நெனச்சிட்டேன் மாப்ள. எம்பட உசுரையே காப்பாத்திக் குடுத்துட்டீங்க"ன்னாங்க. கல்யாணமாகி அத்தனை வருஷத்துல அத்தை வாயில இருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. நான் உருகிப் போயிட்டேன். அந்த உருக்கத்துலயே, குருசாமிக்குன்னு கட்டி வெச்சிருந்த புதுப் பெட்டியை எடுத்து நீட்டினேன்.

"உங்க தெருவுல ஒரு குருசாமி இருக்காராமே அத்தை. இதை அவர்கிட்டக் குடுத்துருங்க. குல்லாதான்."

அத்தை பெட்டியை வாங்கினாங்க. ஒரு தடவை தூக்கிப் பார்த்தாங்க. இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தாங்க. உள்ளங்கையை ஒரு மூலையில வெச்சு அழுத்தினாங்க. அப்புறம் காதுகிட்ட கொண்டு போய் மெதுவா ஆட்டினாங்க.

"ஏனுங்க மாப்ள, பெட்டி கனமாவே இல்லீங்களே? கதகதப்பும் இல்ல, அசையவும் காணோம். இது அசல் கம்பளிதானுங்களா?"

மல்லிகா சிரிச்ச சிரிப்புல கொய்யாப்பழத் தட்டு கீழ விழுந்துச்சு.

"நேத்து பஜனையில அந்தக் கன்னிசாமி விரல்ல கட்டோட உக்காந்திருந்தாருங்க. என்னாச்சுன்னு குருசாமியத்தான் கேட்டேன். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுசன்"னாங்க அத்தை. "அந்தக் கிழிஞ்ச பெட்டி எங்கீங்க? அதையும் குடுங்க. இனிமேல் இதுங்க கூண்டுல எங்க தூங்கப் போவுது?"

ரெண்டு பெட்டியையும் நானே பஸ்ல ஏத்தி விட்டேன்.

அதுல இருந்து எந்தப் பெட்டியை வித்தாலும் உள்ள கையை விட்டுத் தடவிப் பார்த்துட்டுத்தான் கொடுப்பேன். தரம் பார்த்துக் குடுக்கிற நாணயமான கடைக்காரர்னு ஊர்ல எனக்கு நல்ல பேரு.